உளவியலும் வடிவமைப்பும் சேரும் வேலையைத் தேர்ந்தெடுப்பது எப்படி? சேலத்து மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ முடிவுகள் வெளிவரும் மே மாதத்தில் என்னைத் தேடி வரும் பெற்றோரும் மாணவர்களும் கேட்கும் கேள்விகளில் ஒன்று, சில ஆண்டுகளாக அடிக்கடி திரும்பி வருகிறது. பிள்ளைக்கு மனித மனம் எப்படி இயங்குகிறது என்று அறிவதில் ஆர்வம் இருக்கிறது. அதே பிள்ளை நோட்டின் ஓரங்களில் எப்போதும் எதையாவது வரைந்துகொண்டும் இருக்கிறது. இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டுமா, இரண்டுக்கும் இடம் தரும் வேலை ஏதேனும் உண்டா என்று கேட்கிறார்கள். உண்டு என்பதுதான் பதில். ஆனால் அந்த வேலைக்குப் போகும் பாதை, மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ இருப்பதைப்போல ஒரே கலந்தாய்வில் முடிந்துவிடும் நேர்ப்பாதை இல்லை. நான் உளவியல் படித்துவிட்டு வடிவமைப்புக்கு வந்தவள். கன்னங்குறிச்சியில் இருந்தபடி பயனர் ஆய்வு, அதாவது ஒரு பொருளைப் பயன்படுத்துபவர்களைப் பார்த்தும் கேட்டும் அறியும் வேலை, செய்கிறேன். என்னிடம் வருபவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை, சேலத்திலும் ஓமலூரிலும் ஆத்தூரிலும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும் இருக்கும் மாணவர்கள் வரிசையாகப் பின்பற்றும்படி இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: இரண்டும் எங்கே சேர்கின்றன என்று தெரிந்துகொள்ளுதல்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஒரே வகையான விபத்து மீண்டும் மீண்டும் நடந்தது. நல்லபடியாகத் தரையிறங்கிய பிறகு, இறக்கையின் பின்புறத் தட்டுகளை மடக்க வேண்டிய விமானி, அதற்குப் பதிலாகச் சக்கரங்களை மடக்கிவிடுவார். விமானம் வயிறு தரையில் மோத விழும். விமானிகளின் கவனக்குறைவு என்று முதலில் கருதப்பட்ட இந்தத் தவற்றை ஆராய்ந்த அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர், இரண்டு வேலைகளுக்குமான கைப்பிடிகள் ஒரே வடிவத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைக் கண்டார். களைத்துப்போன மனிதன், கண்ணால் பார்க்காமல் கையால் தடவி எடுக்கும் நேரத்தில், அந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவான்? சக்கரக் கைப்பிடியின் முனையில் ஒரு சிறிய ரப்பர் சக்கரமும், தட்டுக் கைப்பிடியின் முனையில் ஆப்பு போன்ற வடிவமும் பொருத்தப்பட்டன. அந்தத் தவறு நின்றது. இன்றைய விமானங்களிலும் சக்கரத்தை இயக்கும் கைப்பிடியின் முனை சக்கர வடிவில்தான் இருக்கிறது.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு வாக்குப்பதிவு இயந்திரம். அதன் வடிவமைப்பில் மும்பை ஐ.ஐ.டி.யின் தொழிலக வடிவமைப்பு மையத்துப் பேராசிரியர்கள் பங்காற்றினார்கள். ஒரு கருவியில் 16 வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் பெயர், சின்னம், அதன் நேரே ஒரு நீலப் பொத்தான். அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரிகிறது, நீண்ட ஒலி கேட்கிறது. இப்போது அதனுடன் இணைந்திருக்கும் கருவியின் கண்ணாடிக்குப் பின்னால், நாம் தேர்ந்த சின்னத்துடன் ஒரு சீட்டு 7 நொடிகள் தெரிந்துவிட்டு விழுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், வாழ்நாளில் சில முறை மட்டுமே தொடக்கூடிய ஒரு கருவியின் முன்னால் தனியாக நிற்கும்போது அவர் மனத்தில் எழும் கேள்விகள் மூன்று: என்னுடையது எங்கே இருக்கிறது, நான் அழுத்தியது பதிவானதா, நான் நினைத்தவருக்கே பதிவானதா. சின்னம் முதல் கேள்விக்கும், ஒலியும் விளக்கும் இரண்டாவதற்கும், சீட்டு மூன்றாவதற்கும் விடை சொல்கின்றன. கேள்வியைக் கண்டுபிடிப்பது உளவியலின் வேலை; அதற்கான விடையைப் பொருளுக்குள்ளேயே வைப்பது வடிவமைப்பின் வேலை. ஆகவே “எனக்கு மனிதர்களையும் பிடிக்கும், வரையவும் பிடிக்கும்” என்பது இந்தத் துறைக்கு நல்ல தொடக்கமே தவிரப் போதுமான தகுதி ஆகாது. ஒரு மனிதர் ஒரு பொருளின் முன் தடுமாறும்போது, அவரைக் குறை சொல்லாமல் அந்தப் பொருளைச் சந்தேகிக்கும் பழக்கம் உங்களிடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் அடுத்த படி.

இரண்டாம் படி: இரண்டு வாரம் பார்த்தல்

எந்தக் கல்லூரி விண்ணப்பத்தையும் வாங்குவதற்கு முன்பு, 100 பக்க நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு, இரண்டு வாரங்களுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்து பாருங்கள். செலவில்லாத சோதனை இது. இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம், நான்கு ஆண்டுப் படிப்பின் முடிவில் தெரியவேண்டியது இந்தப் பதினான்கு மணி நேரத்திலேயே பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது என்பதே.

இடத்துக்குச் சேலத்தில் பஞ்சமில்லை. புதிய பேருந்து நிலையத்தில் வெளியூர்க்காரர்கள் பலகையைப் படித்த பிறகும் யாரிடமாவது கேட்டு உறுதி செய்துகொள்ளும் இடம், நியாய விலைக் கடையில், கல்லும் மண்ணும் தூக்கித் தேய்ந்த விரலைக் கைரேகைக் கருவி ஏற்காமல் மறுக்கும் நேரம், வங்கியின் ஏ.டி.எம். அறையில் முன்பின் தெரியாத இளைஞரிடம் அட்டையை நீட்டும் முதியவர். ஏற்காட்டுப் படகுத்துறையின் நுழைவுச்சீட்டு வரிசை. ஏற்காட்டுக்குப் பேருந்தில் போனால் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கவனியுங்கள். வளைவுகளுக்கு எண்ணிட்டிருப்பது ஓட்டுநருக்கு உதவுகிறதோ இல்லையோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு இன்னும் எத்தனை பாக்கி என்று சொல்கிறது. எவ்வளவு மிச்சம் என்று தெரிந்த துன்பம், தெரியாத துன்பத்தைவிடத் தாங்கக்கூடியதாகிறது. கைபேசியில் ஒரு கோப்பு இறங்கும்போது ஓடும் கோடும் இதே வேலையைத்தான் செய்கிறது.

முதல் மூன்று நாள் யாரிடமும் எதுவும் கேட்காதீர்கள். கை என்ன செய்தது, கண் எங்கே போனது, யாரிடம் திரும்பினார்கள், எத்தனை முறை திரும்பினார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். “குழம்பினார்” என்று எழுதுவது உங்கள் கருத்து. “சீட்டை மூன்று முறை திருப்பிப் பார்த்துவிட்டுக் காவலாளியிடம் போனார்” என்று எழுதுவது அவதானிப்பு. இந்த வேறுபாடு கைவசப்பட்டுவிட்டால் ஆய்வுமுறையின் முதற்பாடம் முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். நான்காம் நாளிலிருந்து, உங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு, அனுமதி கேட்டு, பேசத் தொடங்குங்கள். யாருடைய முகத்தையும் படம் எடுக்காதீர்கள், பெயரைக் குறிக்காதீர்கள்.

இதனால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், இந்தப் பயிற்சிக்காக என்னுடன் வந்த ஒரு மாணவி, மருத்துவமனை ஒன்றின் புறநோயாளிகள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மலைக்கிராமத்திலிருந்து முதல் பேருந்தில் வந்திருந்த ஒரு மூதாட்டி, கையில் 47ஆம் எண் டோக்கனுடன் கதவை ஒட்டி நின்றுகொண்டே இருந்தார். இருக்கைகள் காலியாக இருந்தன, அவர் உட்காரவில்லை. எண்பலகை சிறியதாக இருப்பதால் அவருக்குத் தெரியவில்லை, எழுத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று மாணவி முதல் நாளே நோட்டில் எழுதிவிட்டாள். அழகான பலகை ஒன்றை வரைந்தும் காட்டினாள். ஐந்தாம் நாள், வேறு ஒரு பாட்டி அதேபோல நிற்க, அவரிடம் போய்ப் பேசினாள். பாட்டிக்கு எண் நன்றாகவே தெரிந்தது. “போன தடவ ஒன்னுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள கூப்பிட்டுட்டாங்க சாமி, அப்புறம் கடைசியாத்தான் பாத்தாங்க, பஸ்ஸும் போயிருச்சு” என்றார். காலையிலிருந்து அவர் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

எழுத்தை எவ்வளவு பெரிதாக்கியிருந்தாலும் தீராத சிக்கல் அது. அவருக்குத் தேவைப்பட்டது, தன் முறை தவறிவிடாது என்ற உறுதி. “கூப்பிடும்போது இல்லாதவர்கள், வந்தவுடன் அடுத்ததாகப் பார்க்கப்படுவார்கள்” என்ற ஒரு விதியும், அதைப் பதிவுச் சாளரத்திலேயே வாயால் சொல்லிவிடும் ஒரு பழக்கமும், பத்து எண்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் ஒரு கரும்பலகையும் போதும் என்று அந்த மாணவி முடிவுக்கு வந்தாள். அன்று அவள் நோட்டைப் படித்தபோது, இவள் இந்தத் துறைக்கு வர வேண்டியவள் என்று எனக்குத் தோன்றியது. முதலில் வரைந்த அழகான பலகையை வருத்தமில்லாமல் அடித்துவிட்டிருந்தாள்.

இரண்டு வாரம் முடிந்ததும் நோட்டை முழுவதுமாகப் படித்துப் பாருங்கள். “இவர் ஏன் இப்படிச் செய்தார்” என்ற கேள்விகள் மிகுந்திருந்தால் உளவியலில் வேர் பிடிப்பது நல்லது. “இதை எப்படி மாற்றி அமைக்கலாம்” என்று ஓரங்களில் படங்கள் மிகுந்திருந்தால் வடிவமைப்பில் வேர் பிடிக்கலாம். மூன்றாம் நாளே சலிப்புத் தட்டியிருந்தால் அதையும் நேர்மையாக ஏற்றுக்கொள்ளுங்கள். படம் வரைவதற்கும் மனத்தைப் படிப்பதற்கும் தனித்தனியே நல்ல வேலைகள் இருக்கின்றன.

மூன்றாம் படி: வேலைகளின் வகைகளை அறிதல்

பயனர் ஆய்வாளர் என்ற வேலையில்தான் உளவியல் படித்தவர்களுக்குக் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. ஒரு வங்கிச் செயலியோ, பயணச்சீட்டு இணையதளமோ, மருத்துவக் கருவியோ உருவாகும்போது, அதைப் பயன்படுத்தப் போகிறவர்களைச் சந்தித்துப் பேசி, அவர்கள் பயன்படுத்துவதைப் பார்த்து, எங்கே ஏன் தடுமாறுகிறார்கள் என்று கண்டு, வடிவமைப்பாளர்களிடம் சான்றுகளோடு எடுத்துரைப்பது இவர் பணி. வரையத் தெரிவது இதற்குத் துணை. கேட்கத் தெரிவதே முதன்மை. இதற்கு அடுத்த வீடு ஊடாட்ட வடிவமைப்பு. திரைகள் எந்த வரிசையில் வர வேண்டும், பொத்தான் எங்கே இருக்க வேண்டும், தவறு நேர்ந்தால் எப்படித் திரும்புவது என்பவற்றை அமைப்பவர் இவர். பெருவிரல் எட்டும் தூரம், ஒரே நேரத்தில் நினைவில் தங்கும் செய்திகளின் அளவு, தேர்வுகள் கூடக்கூட முடிவெடுக்க ஆகும் நேரம் ஆகிய உளவியல் உண்மைகள் இங்கே அன்றாடக் கருவிகள். இலக்கு பெரிதாகவும் அருகிலும் இருந்தால் கை விரைவாகச் சென்றடையும் என்பதை 1954இல் பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் ஒரு சூத்திரமாகவே எழுதிக் காட்டினார். இன்றும் திரைப் பொத்தான்களின் அளவை முடிவு செய்யும்போது அது பேசப்படுகிறது.

திரையைத் தாண்டிய வேலைகளை நம் ஊர் மாணவர்கள் கவனிக்காமல் விடுவது எனக்குக் கவலை தருகிறது. உடலும் மனமும் களைக்காமல் வேலை செய்வதற்கேற்பக் கருவியையும் இருக்கையையும் வெளிச்சத்தையும் அமைக்கும் எர்கோனாமிக்ஸ் துறைக்குச் சேலத்தைப்போல விளைநிலம் எங்கே கிடைக்கும்? செவ்வாய்ப்பேட்டையிலும் சுற்றுப்புறங்களிலும் கொலுசுப் பட்டறைகள் இருக்கின்றன. நாள் முழுவதும் குனிந்து, சின்னஞ்சிறு வளையங்களைப் பற்றவைப்பவர்களின் கழுத்துக்கும் கண்ணுக்கும் என்ன நேர்கிறது என்பதை அந்தப் பட்டறைத் தரையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். தறிக்கூடங்களும் ஜவ்வரிசி ஆலைகளும் இருக்கின்றன. இங்கே இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் 1960 முதல் இயங்கிவருகிறது. நெசவைப் படிக்கும் மாணவர், நெய்பவரின் உடலையும் கவனத்தையும் சேர்த்துப் படித்தால் அதுவும் இந்தத் துறைதான்.

கட்டடங்களும் இதில் அடங்கும். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவுகளை ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ஆராய்ந்து 1984இல் வெளியிட்டார். சன்னல் வழியே மரங்கள் தெரியும் அறையில் இருந்த 23 பேர், செங்கற்சுவர் மட்டும் தெரியும் அறையில் இருந்த 23 பேரைவிட விரைவாக வீடு திரும்பினார்கள். வலுவான வலிமருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சேர்வராயன் மலை சன்னலில் தெரியும் ஊரில் இருப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. ஆனால் அதைக் கணக்கிட்டுக் காட்டிய பிறகுதான் மருத்துவமனை கட்டுபவர்கள் காதுகொடுத்தார்கள். இவ்வழியில் போக விரும்புவோர் கட்டடக்கலை அல்லது உள்ளரங்க வடிவமைப்பில் வேர் பிடிக்க வேண்டும். பாடத்திட்டங்களையும் பயிற்சிப் பொருள்களையும் அமைக்கும் கற்றல் வடிவமைப்பு, விளையாட்டுப் பொருள்கள், பொட்டலங்கள், பொது இட அறிவிப்புப் பலகைகள் ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மனநோய்க்குச் சிகிச்சை அளிப்பது வேறு பாதை. மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய, இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்றுக்கொண்ட தொழிற்பயிற்சியும் அதன் பதிவும் தேவை. உளவியலில் முதுகலை மட்டும் முடித்துவிட்டு அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. “ஆர்ட் தெரப்பி” (ஓவியம் போன்ற கலைகள் வழியான மனநலச் சிகிச்சை) என்ற பெயரில் சில வாரச் சான்றிதழ்களை விற்பவர்களிடம் பணத்தைக் கட்டுவதற்கு முன்பு இதை நினைவில் கொள்ளுங்கள்.

நான்காம் படி: வேரையும் ஒட்டையும் முடிவு செய்தல்

மாங்கன்று ஒட்டுவதைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கொட்டையிலிருந்து முளைத்த கன்று வேராக நிற்கும். அதன்மேல் நல்ல மரத்தின் கிளை ஒட்டப்படும். இரண்டு கொட்டைகளை ஒரே குழியில் போட்டு இரண்டும் ஒன்றாகிவிடும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இந்தத் துறையிலும், ஒன்றில் ஆழமாகப் பட்டம் பெற்று, மற்றொன்றை அதன்மேல் ஒட்டிக்கொண்டவர்களே நிலைத்திருக்கிறார்கள். “பயனர் அனுபவம்” என்ற சொல்லைப் பணிப்பெயரிலேயே வைத்துக்கொண்டு 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்த டொனால்ட் நார்மன், மின்பொறியியல் படித்துவிட்டு உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். நமக்குப் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார் தர்மலிங்கம், அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்து, பிறகு மும்பை ஐ.ஐ.டி.யில் வடிவமைப்பு பயின்று, தமிழ் எழுத்துருக்களில் முனைவர் ஆய்வு செய்தவர். 2010இல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறி அவருடையது.

வடிவமைப்பை வேராகக் கொள்பவர்கள் பிளஸ் டூவுக்குப் பிறகு பி.டெஸ். என்ற வடிவமைப்பு இளநிலைப் பட்டத்தில் சேரலாம். ஐ.ஐ.டி.களின் பி.டெஸ். இடங்களுக்கு யூசீட் (UCEED) என்ற நுழைவுத்தேர்வு நடக்கிறது. கலை, வணிகவியல் பிரிவு மாணவர்களும் இதை எழுதலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. மூன்று மணி நேரத் தேர்வில் முதற்பகுதி கணினியிலும், இரண்டாம் பகுதி தாளில் வரைந்து காட்டுவதாகவும் அமையும். 1961இல் அகமதாபாத்தில் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி. தனியே நுழைவுத்தேர்வு நடத்துகிறது. சென்னையில் ஆடை வடிவமைப்புக்கான தேசிய நிறுவனமான நிஃப்ட் இருக்கிறது. ஆடை, அணிகலன் சார்ந்த ஆர்வம் உள்ளவர்கள் அதைப் பார்க்கலாம்.

உளவியலை வேராகக் கொள்பவர்கள் பி.எஸ்சி. உளவியலில் தொடங்கலாம். முதுகலைக்கு வெளியூர் போகத்தான் வேண்டும் என்பதில்லை. 1997இல் உருவான நம் பெரியார் பல்கலைக்கழகத்திலேயே உளவியல் துறை இருக்கிறது. நினைவு, கவனம், மொழி, முடிவெடுத்தல் ஆகியவற்றில் ஆழமாகப் போக விரும்புவோர், காந்திநகர் ஐ.ஐ.டி.யிலும் அலகாபாத் பல்கலைக்கழகத்திலும் உள்ள அறிதல் அறிவியல் முதுகலைப் படிப்புகளை நாடலாம்; என்னைக் கேட்டால், திரை வடிவமைப்புக்குப் போகிறவர்களுக்கு வழக்கமான ஆலோசனை உளவியலைவிட இதுவே வலுவான அடித்தளம். தொலைநிலைக் கல்வியைப் பற்றி ஓர் எச்சரிக்கை: 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவம் தொடங்கி, உளவியல் பட்டங்களைத் தொலைநிலை வழியிலும் இணைய வழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அறிவித்துவிட்டது. பழைய விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

உளவியல் வேரின்மேல் வடிவமைப்பை ஒட்டுவதற்கு எம்.டெஸ். என்ற வடிவமைப்பு முதுநிலைப் பட்டம் ஒரு வழி; ஐ.ஐ.டி.களிலும் இன்னும் சில நிறுவனங்களிலும் அதற்குச் சீட் (CEED) என்ற நுழைவுத்தேர்வு இருக்கிறது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சீட் எழுதத் தகுதி பெறுவது ஒன்று. ஒரு நிறுவனத்தில் சேரத் தகுதி பெறுவது வேறொன்று. மூன்றாண்டு உளவியல் பட்டத்துடன் தேர்வை எழுதலாம், ஆனால் சில நிறுவனங்கள் நான்காண்டுத் தொழிற்பட்டத்தையோ முதுகலையையோ கேட்கின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எம்.டெஸ்.க்குப் பொறியியல், கட்டடக்கலை, வடிவமைப்பு போன்ற பட்டங்கள் வேண்டும். எனவே மூன்றாம் ஆண்டில் அல்ல, முதலாம் ஆண்டிலேயே சேர்க்கை விதிகளைப் படித்துவிடுங்கள். என்.ஐ.டி.யின் பெங்களூரு வளாகத்தில் ஊடாட்ட வடிவமைப்பு, அனைவருக்குமான வடிவமைப்பு போன்ற எம்.டெஸ். பிரிவுகள் இருக்கின்றன, சேலத்திலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவுதான் என்பதால், மகளைத் தூரத்துக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளில் இதை நான் முதலில் சொல்வேன்.

ஐந்தாம் படி: கல்லூரி சொல்லித்தராதவற்றைச் சேர்த்துக்கொள்ளுதல்

வடிவமைப்பு மாணவருக்குப் புள்ளியியல் வேண்டும். உளவியல் மாணவருக்குப் பென்சில் வேண்டும். நாளைக்கு ஒரு பக்கம் என்று, வீட்டிலுள்ள குக்கர் மூடி, தண்ணீர்க் குழாய், மிதிவண்டிப் பூட்டு ஆகியவற்றைக் கை அவற்றைப் பிடிக்கும் நிலையில் வரைந்து பழகினால், ஓராண்டில் எண்ணத்தை விளக்கும் அளவுக்குக் கை பழகிவிடும். ஓவியர் ஆக வேண்டியதில்லை. திரைகளை வடிவமைக்க உதவும் ஃபிக்மா என்ற மென்பொருளை மாணவர்கள் கட்டணமின்றிக் கற்கலாம். ஒரு மாதம் போதும், ஓராண்டு முழுவதையும் அதிலேயே கழிக்காதீர்கள்.

தமிழில் தெளிவாக எழுதும் திறனை நான் இவை எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தில் அமைத்த பொத்தானுக்குள் “சமர்ப்பிக்கவும்” என்ற சொல் அடங்காமல் வழிவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அடங்கினாலும் அது புரிகிறதா என்பது அடுத்த கேள்வி. “சமர்ப்பிக்கவும்”, “அனுப்பு”, “சப்மிட்” ஆகிய மூன்றில் எது ஓமலூரில் காய்கறி விற்கும் பெண்ணுக்கு உடனே விளங்குகிறது என்பதை அகராதி சொல்லாது. அவரிடம் காட்டித்தான் அறிய முடியும். இந்த வேலையைத் தமிழறிந்த ஒருவரால்தான் செய்ய முடியும். பெங்களூரில் இருக்கும் நிறுவனங்கள் தமிழ்நாட்டுப் பயனர்களை அறிய விரும்பும்போது தேடுவதும் இப்படிப்பட்டவர்களைத்தான்.

ஆறாம் படி: மூன்று செய்முறைகளைச் செய்து முடித்தல்

வேலைக்கும் மேற்படிப்புக்கும் உங்களை அறிமுகம் செய்வது மதிப்பெண் பட்டியலைவிட, நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பு. உணவு வரவழைக்கும் செயலியின் நிறங்களை மாற்றிக் காட்டும் தொகுப்புகளைத் தேர்வாளர்கள் நூற்றுக்கணக்கில் பார்த்துச் சலித்திருப்பார்கள். நம் ஊரில் மட்டுமே செய்யக்கூடிய மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவதாக, மருந்து உறை. மருந்துக்கடையில் உறையின்மேல் 1-0-1 என்று எழுதித் தருகிறார்கள். அது காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்பதை உங்கள் தெருவில் இருக்கும் முதியவர்களில் யார் யார் அறிவார்கள், உணவுக்கு முன்பா பின்பா என்பதை எப்படி நினைவில் வைக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பிறகு சூரியன், நிலா, தட்டு ஆகிய படங்களைக்கொண்டு ஒரு மாற்று உறை செய்து சோதியுங்கள். சூரியப் படத்தைச் சிலர் காலை என்றும் சிலர் உச்சிவேளை என்றும் படிக்கக்கூடும். நீங்கள் தெளிவு என்று நினைத்தது தெளிவில்லை என்று அறியும் அந்த இடமே இந்தச் செய்முறையின் பயன். மெய்யான மருந்தை வைத்துச் சோதிக்கக் கூடாது, மிட்டாய் போதும்.

இரண்டாவது, ஏற்காட்டுப் பேருந்துத் தகவல். சுற்றுலாப் பயணி ஏரியையும் லேடிஸ் சீட்டையும் தேடுகிறார். நாகலூருக்கோ வெள்ளக்கடைக்கோ போகிறவர் கடைசிப் பேருந்து போய்விட்டதா என்று தேடுகிறார். இருவருக்கும் ஒரே பலகை போதாது என்பதைக் காட்டுங்கள். மூன்றாவது, மேலே சொன்ன கொலுசுப் பட்டறை. உரிமையாளரிடம் முறையாக அனுமதி பெற்று, இருக்கையின் உயரம், விளக்கின் இடம், கருவிகளை எடுக்கக் கை நீளும் தூரம் ஆகியவற்றை அளந்து, செலவு குறைந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்து பாருங்கள்.

சோதிக்கும் முறையில் சில செய்திகள். ஒரே வகையான பயனர்களில் ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான தடுமாற்றங்கள் வெளிப்பட்டுவிடும் என்பது 1993இல் ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டவர் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த கணக்கிலிருந்து வந்த நடைமுறை. ஆனால் மலைவாசியும் சுற்றுலாப் பயணியும் ஒரே வகையினர் ஆகமாட்டார்கள். வகைக்கு ஐந்து பேர் வேண்டும். “இது பிடித்திருக்கிறதா” என்று கேட்காதீர்கள்; நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே பிடிக்கவில்லை என்று சொல்லமாட்டார்கள். “நாளை காலை பத்து மணிக்குள் நாகலூர் போக வேண்டும், இதைப் பார்த்து எந்தப் பேருந்து என்று சொல்லுங்கள் அக்கா” என்று ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நேரத்தைக் குறியுங்கள். திணறும்போது உதவத் துடிக்கும் நாவை அடக்குவதுதான் இந்தத் தொழிலிலேயே கடினமான பயிற்சி. எனக்கு அது பழக இரண்டு ஆண்டுகள் ஆயின. “நான் சோதிப்பது உங்களை அல்ல, இந்தப் பலகையை” என்று தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். திரையாக இருந்தால், எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான ஒளி வேறுபாடு 4.5:1 என்ற விகிதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்றும் சரிபாருங்கள். இணைய அணுகல்தன்மைக்கான உலகத் தரநெறி சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்கும் அளவு அது.

தொகுப்பில், முதலில் என்ன நினைத்தீர்கள், எது பொய்த்தது, எதை மாற்றினீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். அடித்துவிட்ட படங்களையும் சேருங்கள்.

ஏழாம் படி: எதைச் செய்யமாட்டேன் என்று முடிவு செய்தல்

மனத்தின் இயல்பை அறிந்தவர் அதற்கு உதவவும் முடியும், அதை ஏய்க்கவும் முடியும். “இன்னும் இரண்டே அறைகள்” என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத காப்பீட்டைக் கூடையில் சேர்ப்பது, சந்தாவிலிருந்து வெளியேறும் வழியை மறைப்பது ஆகியவையும் உளவியல் தெரிந்த யாரோ வடிவமைத்தவைதான். இவற்றை “டார்க் பேட்டர்ன்” என்று 2010இல் ஹாரி பிரிக்னல் என்ற பயனர் அனுபவ வடிவமைப்பாளர் பெயரிட்டார். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே இப்படி ஒன்றைச் செய்யச் சொல்லக்கூடும். அந்த நேரத்தில் தனி மனசாட்சியைக் காட்டி வாதாடுவதைவிட, அந்தப் பட்டியலைக் காட்டி “இது விதிமீறல் ஆகும் சார்” என்று சொல்வது எளிது. ஆகவே அதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை அப்படிச் சொல்லி ஒரு பணியை இழந்திருக்கிறேன். அதற்காக வருந்தவில்லை.

எட்டாம் படி: நாள்காட்டியை வைத்துத் திட்டமிடுதல்

இந்தத் துறையில் முதல் வேலை பெரும்பாலும் பெங்களூரிலோ சென்னையிலோதான் கிடைக்கும் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சேலத்தில் இருந்தபடியே வேலை செய்வது சில ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு கைகூடும். தொடக்கத்தில், மூத்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்க வேண்டியிருக்கிறது.

பிளஸ் டூ படிப்பவர்கள் ஜூன், ஜூலையில் இரண்டு வார அவதானிப்பை முடித்துவிடலாம். ஆகஸ்ட், செப்டம்பரில் நாளைக்கு ஒரு பக்கம் வரைவதையும் பழைய வினாத்தாள்களையும் வைத்துக்கொள்ளுங்கள். யூசீட், சீட் இரண்டுக்குமான விண்ணப்பங்கள் வழக்கமாக அக்டோபரில் தொடங்குகின்றன, தேர்வுகள் ஜனவரியில் நடக்கின்றன. பொதுத்தேர்வுப் பரபரப்பில் அக்டோபரைத் தவறவிட்டவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். கல்லூரியில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு செய்முறை என்று வைத்துக்கொண்டால் மூன்றாம் ஆண்டில் தொகுப்பு தயாராகிவிடும். நோட்டை இந்த ஞாயிற்றுக்கிழமையே வாங்கிவிடலாம். முதல் பக்கத்தில் இடம், நாள், நேரம் ஆகியவற்றை எழுதி, திங்கட்கிழமை காலையில் எந்தப் புறநோயாளிகள் கூடத்தில் அனுமதி கேட்டு உட்காரலாம் என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். டோக்கன் கொடுக்கத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். மலையிலிருந்து முதல் பேருந்தில் வருகிறவர்கள் அப்போதே வரிசையில் நிற்பார்கள்.